ஸ்கர்ட் நாமே வரைந்து தைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடா கோத்த உள்பாவாடைக்கு இடுப்பும் உயரமும் தெரிந்தால் போதும், வெட்டிவிடலாம். இடுப்பில் பட்டி, பின்னால் ஜிப், உடம்போடு படிந்து இறங்கும் ஸ்கர்ட் என்றால் அது போதாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டில் மிஷின் வைத்துத் தைப்பவர்களும், தையல் வகுப்பு முடித்துச் சொந்தமாக வெட்டத் தொடங்கியவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

சரியாக நிற்காத ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு தையல் கடைக்கு வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சைடு மட்டும் கொஞ்சம் பிடிச்சுத் தாங்கக்கா." சைடு பிடித்தால் துணி குறையும், கோளாறு அப்படியே இருக்கும். ஸ்கர்ட்டில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இடுப்புக்கும் சீட்டுக்கும் (பின்புறம் அதிகம் தள்ளி நிற்கும் இடம்) நடுவே உள்ள 8 இஞ்ச் உயரத்தில் பிறப்பவை. அங்கேதான் சரிசெய்ய வேண்டும்.

அளவுகள் எல்லாம் இஞ்சில். ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச், அதாவது 1 இஞ்சுக்கு 8 நூல்.

என்னென்ன அளவு எடுக்க வேண்டும்?

முதலில் அரை இஞ்ச் அகல எலாஸ்டிக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிருங்கள். எலாஸ்டிக் எங்கே போய் உட்காருகிறதோ அதுதான் உங்கள் இடுப்புக் கோடு. தொப்புளை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஆளுக்கு ஆள் அது மாறும். அளவு எடுத்து முடிக்கும்வரை எலாஸ்டிக்கை அவிழ்க்காதீர்கள்.

இடுப்புச் சுற்று எலாஸ்டிக் மேலேயே. வயிற்றுச் சுற்று அதிலிருந்து 4 இஞ்ச் கீழே. சீட் சுற்று, கால்களைச் சேர்த்து நின்று, பக்கவாட்டில் பார்த்தால் எங்கே அதிகம் தள்ளி நிற்கிறதோ அங்கே. டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சீட் உயரம், எலாஸ்டிக்கிலிருந்து அந்த இடம்வரை பக்கவாட்டில். பெரும்பாலோருக்கு 7 முதல் 9 இஞ்சுக்குள் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருமுறை சீட்டை அளந்து பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இனி வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எலாஸ்டிக்கிலிருந்து தரைவரை நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: முன் நடு, பின் நடு, இடப்பக்கம், வலப்பக்கம். வேறொருவர் அளந்து தந்தால்தான் சரியாக வரும், குனிந்தால் அளவு மாறிவிடும். வயிறு தள்ளியிருந்தால் முன் அளவு கூடும். பின்னிடுப்பு உள்வாங்கியிருந்தால் பின் அளவு குறையும். இடம் வலம் அரை இஞ்ச் வித்தியாசம் இருப்பது அபூர்வமல்ல. துணியைத் தொடும் முன்பே எங்கே கோளாறு வரப்போகிறது என்று இந்த நான்கு எண்களும் சொல்லிவிடும்.

லூஸ் எவ்வளவு விட வேண்டும்?

லூஸ் என்பது உடம்பு அளவுக்கு மேல் கூட்டி விடும் துணி. இழுபடாத பருத்தித் துணிக்கு இடுப்பில் 1 இஞ்ச், சீட்டில் 2 இஞ்ச். உட்கார்ந்து எடுத்த சீட் அளவு நின்றதைவிட 2 இஞ்சுக்கு மேல் கூடினால், கூடும் அளவையே லூஸாக விடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போய் வருகிறவருக்கு இதுதான் முக்கியம். நிற்கும்போது அழகாக இருக்கிற இறுக்கம் உட்காரும்போது சைடு தையலைப் பிரித்துவிடும்.

வயிற்றுச் சுற்று, சீட் சுற்றைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பெரிய எண்ணையே சீட் அளவாக வைத்து வரையுங்கள்.

வரைவது எப்படி? ஓர் அளவை வைத்துச் சொல்லுங்கள்.

இடுப்பு 30, சீட் 39, சீட் உயரம் 8, நீளம் 32 என்று வைத்துக்கொள்வோம். லூஸ் சேர்த்தால் இடுப்பு 31, சீட் 41. பட்டி இடுப்புக் கோட்டுக்கு மேல் நிற்கும், அதனால் நீளத்தில் எதுவும் கழிக்க வேண்டாம்.

பிரவுன் பேப்பரில் அகலம் 10¼ (41இல் கால் பங்கு), நீளம் 32 என்று ஒரு செவ்வகம் போடுங்கள். இடது ஓரம் நடுக்கோடு, வலது ஓரம் சைடு. மேலிருந்து 8 இஞ்ச் இறங்கி குறுக்கே ஒரு கோடு. இதுதான் சீட் கோடு. இதை அழுத்தமாகவே போடுங்கள், கடைசிவரை வேலை இருக்கிறது.

மேல் கோட்டில் நடுவிலிருந்து 9 இஞ்ச் அளந்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை இஞ்ச் மேலே ஏறுங்கள். அங்கிருந்து சீட் கோட்டின் வலது முனைக்கு வெளிப்பக்கம் லேசாகப் புடைத்த வளைவு. சீட் கோட்டைத் தொடும்போது வளைவு நேர்கோடாகிவிட வேண்டும், அங்கே மூலை தெரியக் கூடாது. ஏறிய புள்ளியிலிருந்து நடுக்கோட்டுக்கு மெல்லிய வளைவில் இறங்கினால் இடுப்புக் கோடு கிடைக்கும். கீழே சைடில் 2 இஞ்ச் வெளியே தள்ளி சீட் முனையோடு சேருங்கள், அந்தக் கீழ் மூலையைச் சுமார் கால் இஞ்ச் உயர்த்துங்கள். உயர்த்தாமல் விட்டால் இரண்டு சைடிலும் கீழ் விளிம்பு காது மாதிரி தொங்கும்.

முன்பாகமும் பின்பாகமும் இதே உருவந்தான். இரண்டே வித்தியாசம். பின் நடுவில் இடுப்புக் கோடு கால் இஞ்ச் இறங்க வேண்டும். டாட் (இடுப்பில் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்து உள்ளே எடுப்பது) வேறு: முன்பாகத்தின் 9 இஞ்சில் 1 இஞ்ச் டாட்டுக்குப் போய் 8 மிஞ்சும், பின்பாகத்தில் 1½ இஞ்ச் போய் 7½ மிஞ்சும். 8ம் 7½ம் சேர்த்து 15½, இரண்டு பக்கத்துக்கும் 31. கணக்கு இப்படி முட்டாமல் வந்தால்தான் வெட்டலாம்.

தையலுக்கு விடுவது: சைடு 1 இஞ்ச், பின் நடு 1 இஞ்ச், இடுப்பில் அரை இஞ்ச், கீழே 2 இஞ்ச். சைடில் அரை இஞ்ச் மட்டும் விட்டுத் துணி மிச்சம் பிடிப்பவர்களுக்குப் பிறகு திருத்த இடமே இருக்காது.

டாட் எங்கே, எவ்வளவு நீளம்?

முன்பக்கம் நடுவிலிருந்து 3½ முதல் 4 இஞ்ச் தள்ளி, 1 இஞ்ச் அகலம், 3½ இஞ்ச் நீளம். பின்பக்கம் முக்கால் இஞ்ச் வீதம் இரண்டு. நடுவுக்கு அருகில் உள்ளது 5 இஞ்ச் நீளம், சைடுக்கு அருகில் உள்ளது 4½. முதல் டாட் நடுவிலிருந்து 3 இஞ்சில் தொடங்கலாம், இரண்டாவது 5½ இஞ்சில். பின்பக்கம் 1½ இஞ்சையும் ஒரே டாட்டில் எடுத்தால் நுனி கூம்பிக்கொண்டு நிற்கும். ஒரு டாட் 1¼ இஞ்சைத் தாண்டினால் இரண்டாகப் பிரிப்பது எப்போதும் நல்லது.

பேப்பரில் டாட்டை மடித்து, மடிப்பை நடுப்பக்கம் சாய்த்துக் குண்டூசி குத்தி, அந்த நிலையிலேயே இடுப்புக் கோட்டை வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் டாட்டின் தலையில் சிறிய கூரை மாதிரி ஒரு முனை இருக்கும். அது இல்லாமல் வெட்டினால் டாட் தைத்த இடத்தில் துணி பட்டிக்கு எட்டாது.

துணி எத்தனை மீட்டர்?

பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன அளவுக்கு முன்பாகம் விரித்தால் கீழே சுமார் 26½ இஞ்ச், பின்பாகம் நடுத்தையலோடு 28½ இஞ்ச். 36 பன்னாவிலும் 44 பன்னாவிலும் இரண்டும் அருகருகே அடங்காது, ஒன்றன்பின் ஒன்றாக வெட்ட வேண்டும். சைடில் ஏறிய அரை இஞ்சும் சேர்த்து ஒரு நீளம் 35; இரண்டுக்கு 70 இஞ்ச். 2 மீட்டர் என்பது 78¾ இஞ்ச், அதனால் பட்டிக்கும் சுருங்குவதற்கும் சேர்த்து 2 மீட்டர் சரி. கைத்தறி என்றால் 2¼ வாங்குங்கள். 58 பன்னாவில் இரண்டு பாகமும் சேர்ந்து 55. ஒரே நீளத்தில் அடங்கிவிடும், பட்டியோடு 1¼ மீட்டர் போதும்.

தலைகீழாக வைத்து வெட்ட முடியாத டிசைன் என்றால், வெட்டும் முன் பூவின் தலை எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவுடன் வெட்டலாமா?

கூடாது. பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தோடு தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். லைனிங், நாடா, பட்டிக்குள் விறைப்புக்கு வைக்கும் பருத்திக் கேன்வாஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். மேல்துணி மட்டும் நனைத்து லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணியை உள்ளே இழுக்கும்.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் நனைத்த துணியை அறைக்குள் கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் கரும்புள்ளி விழுந்துவிடும், பிறகு போகாது. அகல விரித்து, ஃபேனுக்குக் கீழே போட்டு, முழுதாகக் காய்ந்த பின்பே மடியுங்கள்.

நனைத்துக் காய்ந்த துணியின் ஓரத்தில் ஓர் ஊடை நூலை (குறுக்கே ஓடும் நூல்) உருவி, அந்தக் கோட்டில் வெட்டி நேராக்குங்கள். கரையோடு கரை சேர்த்து மடிக்கும்போது வெட்டிய ஓரம் கோணினால், துணியை எதிர் மூலைகளில் பிடித்து இருவர் இழுத்து நேராக்க வேண்டும். நூல் கோணிய துணியில் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஸ்கர்ட் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

நேரடியாக நல்ல துணியிலேயே வெட்டினால் என்ன?

முதல் முறை வரைந்த அளவு என்றால் வேண்டாம். முதலில் ஒரு மாதிரி ஸ்கர்ட் தைத்துப் பாருங்கள். அதற்குக் காடாத்துணி போதும், பழைய டபுள் வேட்டியும் போதும். மாதிரி ஸ்கர்ட்டுக்கு இடுப்பில் அரை இஞ்சுக்குப் பதில் 1 இஞ்ச் விடுங்கள். மிஷினில் இருப்பதிலேயே நீளமான தையல் போட்டால் பிரிப்பது எளிது. பட்டி, ஜிப் வேண்டாம். பின் நடுவைக் குண்டூசியால் மூடிக்கொள்ளலாம்.

முக்கியமானது இதுதான்: தைக்கும் முன் எல்லாத் துண்டிலும் சீட் கோட்டையும் நடுக்கோட்டையும் பேனாவால் அழுத்திப் போடுங்கள். ஸ்கர்ட்டை மாட்டி, அதன் மேல் எலாஸ்டிக்கைக் கட்டி, கண்ணாடி முன் நில்லுங்கள். சீட் கோடு உடம்பைச் சுற்றித் தரைக்கு இணையாக ஓட வேண்டும், நடுக்கோடு செங்குத்தாக விழ வேண்டும். கோடு எங்கே மேலே ஏறுகிறதோ அந்த இடத்துக்கு மேலே துணி போதவில்லை. எங்கே கீழே தாழ்கிறதோ அங்கே மேலே துணி மிச்சம். எலாஸ்டிக்குக்கு அடியில் துணியை மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்த்தி, கோடு நேரானதும் எலாஸ்டிக் ஓடும் தடத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். அந்தத் தடம்தான் உங்கள் உண்மையான இடுப்புக் கோடு. கழற்றி, பேப்பரில் அதையே ஏற்றுங்கள்.

கூடவே சீட் கோட்டில் இரண்டு சைடிலும் துணியைக் கிள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் மடிப்பு கைக்கு வந்தால் நாம் விட்ட 2 இஞ்ச் லூஸ் அப்படியே இருக்கிறது என்று பொருள்.

பின்னால் பட்டிக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழுகிறது. எவ்வளவு இழுத்துவிட்டாலும் திரும்ப வருகிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். அதனால் முதலில் சீட்டில் கிள்ளுங்கள்.

மடிப்பு கைக்கு வருகிறது, லூஸ் இருக்கிறது என்றால், பின் நடுவில் உயரம் மிச்சம். பின்னிடுப்பு உள்வாங்கிய உடம்புக்கு இப்படித்தான் வரும். விழும் மடிப்பைக் குண்டூசியால் பிடித்து, மொத்தம் எவ்வளவு துணி அதில் அடங்குகிறது என்று அளந்து, அந்த அளவுக்குப் பின் நடுவில் இடுப்புக் கோட்டை இறக்குங்கள். சைடுக்கு வரும்போது பூஜ்யமாக வேண்டும். கால் முதல் முக்கால் இஞ்ச்வரை இறக்க வேண்டி வரலாம். டாட்டின் நுனியையும் அதே அளவு கீழே தள்ளுங்கள், இல்லாவிட்டால் டாட் குட்டையாகிவிடும்.

கிள்ள வரவில்லை, சீட் இறுக்கம் என்றால், ஸ்கர்ட் அகலம் கிடைக்கும் இடத்தைத் தேடி மேலே ஏறுகிறது, ஏறிய துணிதான் மடிப்பாக நிற்கிறது. இதற்கு இடுப்பை வெட்டினால் ஸ்கர்ட் பாழ். சைடைப் பிரித்து அகலம் கொடுக்க வேண்டும். சைடில் கை வைக்க வேண்டிய சில இடங்களில் இது ஒன்று, அதுவும் பிடிப்பதற்கல்ல, விடுவதற்கு.

முன்பக்கம் கீழ் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே வெட்டிச் சமமாக்கலாமா?

வெட்டாதீர்கள். வயிறு தள்ளியிருப்பதால் முன்துணி அதன் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, உயரம் போதவில்லை. சைடு தையலைப் பாருங்கள். கீழே போகப் போக முன்பக்கம் இழுபட்டிருக்கும். முன் நடுவில் இடுப்புக் கோட்டுக்கு மேலே துணி சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதைச் சீட் கோடு காட்டும், அல்லது முன் நடுத் தரை அளவிலிருந்து சைடுத் தரை அளவைக் கழித்துப் பாருங்கள். நம் வரைவில் சைடு அரை இஞ்ச் ஏறியிருக்கிறது. உங்கள் உடம்பில் இரண்டும் சமம் என்றால் முன் நடுவும் அரை இஞ்ச் ஏற வேண்டும்.

முன் டாட்டை அரை இஞ்சாகக் குறைத்து, நீளத்தை 3 இஞ்சாக்குங்கள். வயிறு இருக்கும் இடத்தில் துணியைக் குறுக்கிவிட்டு அங்கேயே இழுபடுகிறது என்று வருந்துவதில் பயனில்லை. டாட்டில் குறைத்த அரை இஞ்சை முன் சைடு வளைவில் எடுத்துக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் தைக்கிறவர்கள் பழைய பேப்பரை அப்படியே பயன்படுத்தாமல் இந்த ஒன்றையாவது சரிபார்க்க வேண்டும்.

பின்பக்கம் தூக்குகிறது என்றால்?

அதே கணக்குதான், பின்னால். பின் நடுவில் இறக்கிய கால் இஞ்சைத் திரும்ப ஏற்றுங்கள், தேவைப்பட்டால் மேலும். பின் டாட்டுகளை ஒரு நூல் வீதம் அகலமாக்கி, சீட் கோட்டில் பின்பாகத்துக்கு மட்டும் கால் முதல் அரை இஞ்ச் அகலம் சேருங்கள். சீட் தட்டையாக இருந்து பின்னால் துணி தொளதொளவென்று தொங்கினால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யுங்கள்: நடுவில் இறக்கம், சின்ன டாட், பின்பாகத்தின் சைடில் மட்டும் குறைப்பு. முன்னும் பின்னும் சேர்த்துச் சைடு பிடித்தால் முன்பக்கம் இறுகுமே தவிரப் பின்பக்கம் சரியாகாது.

ஒரு பக்கம் மட்டும் கீழே தாழ்கிறது.

ஓர் இடுப்பு உயர்ந்திருப்பது சாதாரணம். தோளில் ஒரே பக்கம் பை மாட்டி, சாய்ந்து நின்று பார்த்தாலும் இப்படித் தெரியும், அதனால் பையை வைத்துவிட்டு நேராக நின்று பாருங்கள். உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் பேப்பரைப் பாதியாக வரையாமல் முழுதாக வரைந்து, உயர்ந்த பக்கத்தில் இடுப்புக் கோட்டைச் சைடில் ஏற்றுங்கள். வளைவும் அந்தப் பக்கம் சற்று அதிகமாகப் புடைக்கும். துணியை மடித்து வெட்டாமல் ஒற்றையாக விரித்து வெட்ட வேண்டும்; வலம், இடம் என்று துண்டுகளில் எழுதிவிடுங்கள்.

டாட் நுனி குமிழ் மாதிரி நிற்கிறது.

தைத்த விதம்தான் பெரும்பாலும் காரணம். அகன்ற முனையில் தொடங்கி, கடைசி அரை இஞ்ச் மடிப்பின் விளிம்பை ஒட்டியே ஊசி போய், துணியை விட்டு வெளியேற வேண்டும். நுனியில் திரும்பத் தைத்து இறுக்கக் கூடாது; 3 இஞ்ச் நூல் விட்டு வெட்டிக் கையால் முடிச்சுப் போடுங்கள். சுருட்டிய துண்டின் மேல் வைத்துத் தேயுங்கள், தட்டையான மேசையில் தேய்த்தால் எடுத்த உருவம் போய்விடும். இத்தனையும் செய்த பிறகும் குமிழ் நின்றால் டாட் குட்டை. அரை இஞ்ச் நீட்டுங்கள்.

சைடில், இடுப்புக்குச் சற்றுக் கீழே துணி பொம்மென்று நிற்கிறதே?

பேப்பரில் வளைவு உங்கள் உடம்பைவிட அதிகமாகப் புடைத்திருக்கிறது. சைடு பிடிக்க வேண்டிய சரியான இடம் இதுதான்: இடுப்பையும் சீட்டையும் தொடாமல், நடுவில் மட்டும் ஒரு நூல், இரண்டு நூல் உள்வாங்குங்கள். நடுவில் குழி விழுந்து இடுப்பில் இறுக்கமாகத் தெரிந்தால் வளைவு போதவில்லை, அதைப் புடைக்க விடுங்கள்.

தைத்தபோது சரியாக இருந்த இடுப்பு, ஒரு நாள் உடுத்ததும் லூஸாகிவிடுகிறது.

இடுப்புக் கோடு வளைந்த கோடு, அதில் துணி குறுக்கு வாக்கில் விழுகிறது. இழுத்தால் இளகும். வெட்டியவுடன், டாட் தைக்கும் முன்பே, விளிம்பிலிருந்து 3 நூல் தள்ளி ஒற்றைத் தையல் ஓட்டிவிடுங்கள். பிறகு பட்டியோடு சேர்க்கும்போது அரை இஞ்சுக்கும் குறைவான அகலமுள்ள பருத்தி நாடாவை 31 இஞ்ச் அளந்து வெட்டி, அதையும் சேர்த்துத் தையுங்கள். நாடா இளகாது, அதனால் இடுப்பும் இளகாது.

பட்டிக்கு: நீளம் 31, கொக்கி மேலேற 1¼, இரண்டு முனைக்கும் அரை அரை இஞ்ச், மொத்தம் 33¼. அகலம் 3½ வெட்டினால் மடித்துத் தைத்த பின் 1¼ இஞ்ச் நிற்கும். பட்டியின் நீளவாக்கு பாவு நூலோடு (துணியின் நீளத்தில் ஓடும் நூல்) போக வேண்டும். ஒட்டும் கேன்வாஸைத் தேய்ப்புப் பெட்டியை நகர்த்தித் தேய்க்காமல், ஒவ்வோர் இடமாக அழுத்தி வைத்து எடுங்கள். சூடு போதாமல் ஒட்டியது முதல் சலவையிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

இடுப்பைவிடத் தாழ்வாக உடுத்துபவர்களுக்கு நேர்ப் பட்டி பின்னால் விலகி நிற்கும். அவர்களுக்கு வளைந்த பட்டி: ஸ்கர்ட் பேப்பரின் மேல் 1½ இஞ்சை டாட் மூடிய நிலையில் அப்படியே வெட்டி எடுத்தால் அதுவே பட்டியின் வடிவம்.

ஜிப் அலையலையாக நிற்கிறது.

ஜிப் நேரானது, அதைச் சுற்றியுள்ள துணி இழுபட்டிருக்கிறது. பின் நடுவின் இரண்டு ஓரத்திலும் 1 இஞ்ச் அகலக் கேன்வாஸ் ஒட்டிவிட்டுத் தைத்தால் பெரும்பாலும் தீரும். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகவே தையுங்கள். ஒரு பக்கம் மேலிருந்தும் மறுபக்கம் கீழிருந்தும் தைத்தால் ஒரு பக்கத் துணி தள்ளப்பட்டு முனை சமமாக நிற்காது. திறப்பு சீட் கோடுவரை இறங்க வேண்டும், 7 அல்லது 8 இஞ்ச் ஜிப். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இரும்புக் கொக்கியும் உலோக ஜிப்பும் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். நைலான் ஜிப்பும் பித்தளைக் கொக்கியும் வாங்குங்கள்.

நடக்க அகலம் போதவில்லை. சைடில் இன்னும் விரிக்கலாமா?

சைடில் 2 இஞ்சுக்கு மேல் விரித்தால் விரிவு எல்லாம் இரண்டு ஓரத்தில் குவியும், முன்னும் பின்னும் தட்டையாகவே நிற்கும். டாட் நுனியிலிருந்து கீழ்வரை பேப்பரை வெட்டி, டாட்டைக் கொஞ்சம் மூடுங்கள், கீழே தானாகத் திறக்கும். இந்த நீளத்துக்கு முன் டாட்டில் கால் இஞ்ச் மூடினால் கீழே சுமார் 2 இஞ்ச் திறக்கும். முன்பாகம் இரண்டு பாதிக்குமாக 4 இஞ்ச். 49 ஆக இருந்த கீழ்ச்சுற்று 53 ஆகிவிடும். மூடிய கால் இஞ்ச் போக மிஞ்சும் முக்கால் இஞ்சை டாட்டாகவே தையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உடுத்துவதற்கு மெல்லிய துணியில் அதிக விரிவு வேண்டாம். கனமான பருத்தி, கீழே 3 இஞ்ச் மடிப்பு, பின் நடுவில் உள்மடிப்பு வைத்த பிளீட் இருந்தால் நடக்கவும் வசதி, பறக்கவும் பறக்காது.

கீழ் மடிப்பு சீராக வர என்ன செய்வது?

பட்டி வைத்து முடித்ததும் ஸ்கர்ட்டை ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சைடில் குறுக்காக விழும் துணி அந்த நேரத்தில் இறங்கி முடிக்கும். பிறகு உடுத்தி, தரையிலிருந்து மேல்நோக்கி அளவுகோலை வைத்து வேறொருவர் சுற்றிலும் குறித்துத் தர வேண்டும். விரிவான விளிம்பில் 2 இஞ்ச் மடித்தால் மேல் ஓரம் அகலம் மிஞ்சிச் சுருங்கும். 1 இஞ்சாகக் குறையுங்கள், அல்லது மேல் ஓரத்தில் நீளத் தையல் ஓட்டி லேசாக இழுத்து அடக்குங்கள்.

லைனிங்?

அதே பேப்பர், கீழே 1½ இஞ்ச் குட்டை. டாட்டுக்குப் பதில் அதே அகலத்தில் மடிப்பு வைத்து, மேல்துணியின் டாட் சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள், தடிப்பு ஒரே இடத்தில் சேராது. இந்த வெக்கைக்குப் பருத்தி மல் துணிதான் ஏற்றது. பாலியஸ்டர் லைனிங் வியர்வையில் தொடையோடு ஒட்டி, நடக்க நடக்க ஸ்கர்ட்டையே திருப்பிவிடும்.

ஓணத்துக்குக் கசவு முண்டுத் துணியில் ஸ்கர்ட் தைக்கலாமா?

நன்றாக வரும், ஆனால் மேலே வரைந்த உருவத்தில் அல்ல. பாலராமபுரம் கைத்தறி போன்ற துணிகளில் கசவு, அதாவது தங்கச் சரிகைக் கரை, நீளவாக்கில் ஓடுகிறது. அது கீழ் விளிம்பாக வர வேண்டுமென்றால் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்ட வேண்டும். கசவு நேர்கோடு, அதைச் சைடில் உயர்த்த முடியாது, அதனால் விரிவும் வைக்க முடியாது. கீழ்ச்சுற்று எவ்வளவோ சீட்டிலும் அவ்வளவே இருக்கும், மிச்சத்தைச் சுருக்காகவோ மடிப்பாகவோ இடுப்பில் அடக்க வேண்டும். சீட் அளவைப் போல ஒன்றரை மடங்கு சுற்று எடுத்தால் மடிப்பு நன்றாக விழும்.

கசவை மடித்து உயரம் குறைக்க வழியில்லை என்பதால் உயரத் திருத்தம் எல்லாம் மேலேதான். அதனால் சுருக்கு வைக்கும் முன் நான்கு தரை அளவுகளையும் பார்த்து மேல் விளிம்பைச் சரியாக வெட்டுங்கள். கசவு தரையிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் ஓடினால்தான் பார்க்க அழகு. கோணினால் தங்கக் கோடு கோணல் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

வளரும் பிள்ளைக்கு?

நீளத்தில் 4 இஞ்ச் கூட்டி வெட்டி, கீழ் மடிப்புக்கு மேலே 1 இஞ்ச் ஆழத்தில் இரண்டு டக் (சுற்றிலும் மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடியுங்கள். ஒன்று 2 இஞ்ச் துணியை உள்ளே வைத்துக்கொள்ளும். நீளத் தையலில் பிடித்தால் ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். பட்டியில் முன்பக்கம் கேன்வாஸ், பின்பக்கம் எலாஸ்டிக்.

முழு வட்டப் பாவாடைக்குக் கணக்கு என்ன?

இடுப்பை 6.28ஆல் வகுத்தால் நடு வட்டத்தின் ஆரம். இடுப்பு 31 என்றால் ஏறத்தாழ 5 இஞ்ச். அரை வட்டத்துக்கு 3.14ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 9⅞. ஆரம் 5, நீளம் 32 சேர்ந்து 37. 44 பன்னாவில் இரண்டு அரைவட்டமாக வெட்ட ஒவ்வொன்றுக்கும் 74 இஞ்ச் நீளம், தையல், மடிப்பு சேர்த்து 4 மீட்டர். 36 பன்னாவில் இந்த நீளம் அடங்காது. நடு வட்டத்தை முதலில் அரை இஞ்ச் சிறிதாகவே வெட்டுங்கள், அது இளகும்.

ஏற்கெனவே தைத்த ஸ்கர்ட்டில் எதையெல்லாம் திருத்த முடியும்?

பட்டியைப் பிரித்து இடுப்பை இறக்கலாம், டாட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், சைடில் விட்ட துணி இருக்கும்வரை அகலம் கொடுக்கலாம். மேலே துணி சேர்ப்பதுதான் இயலாது. முன்பக்கம் தூக்கும் ஸ்கர்ட்டுக்கு ஒரு வழி உண்டு: முன்னை உயர்த்த முடியாததால் சைடையும் பின்னையும் அதே அளவு இறக்கிவிட்டு, மொத்த நீளம் குறைந்ததைக் கீழ் மடிப்பிலிருந்து விடுவது. கீழே 2 இஞ்ச் விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்திய பேப்பரை எப்படி வைப்பது?

மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடிப்புக் கோட்டில் பேப்பர் கிழிந்து அளவு மாறும். மழைக்காலத்தில் பேப்பரைப் பூச்சி அரிக்கிறது என்றால் திருத்திய காடாத்துணியைப் பிரித்துத் தேய்த்து அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். பெயர், தேதி, இடுப்பு, சீட், நான்கு தரை அளவுகள், தையலுக்கு விட்டது சேர்ந்ததா சேராததா என்பதை அதன் மேலேயே எழுதுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது இடுப்பும் சீட்டும் 1 இஞ்சுக்கு மேல் மாறியிருந்தால் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாக வரைவதே வேகம்.